ஹாரோ பக்கம் ஒரு சைல்ட்மைண்டர் அக்கா

என் மகளைப் பகலில் தன் வீட்டில் வைத்துக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டர் அக்காவைப் பற்றிய விமர்சனம் இது. விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். மணிக்கு 7.50 பவுண்ட். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறரை வரை. சாப்பாடு அதற்குள் அடக்கம். நாப்பி, வைப்ஸ், மாற்று உடுப்பு நம்முடையது. இடம் வடமேற்கு லண்டன், ஹாரோவை ஒட்டி, பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரம். அக்காவின் பெயரும் தெருவும் போடவில்லை, அவரே வேண்டாம் என்றார். பள்ளிகளையும் பிள்ளை பார்ப்பவர்களையும் ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் இணையதளத்திலும் சைல்ட்மைண்டரின் வீட்டு முகவரி வெளியே தெரியாது. அவரிடமிருந்து பதிவு எண்ணை வாங்கித் தேடினால்தான் அறிக்கை வரும். நானும் வாசகர்களுக்கு அதையே சொல்கிறேன்: யாரிடம் பிள்ளையை விட்டாலும் அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

நாங்கள் யார் என்று தெரிந்தால்தான் இந்த விமர்சனம் உங்களுக்குப் பயன்படும். நான் நர்ஸ், சொந்த ஊர் திருச்சி. கணவர் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். மகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. விசாவில் இருக்கிறோம், பொது நிதி கிடையாது, அதாவது அரசு உதவித் தொகை வாங்க முடியாது, என்ற வரியோடு. இங்கே வேலை பார்க்கும் பெற்றோருக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஒன்பது மாதக் குழந்தை முதல் வாரத்துக்கு 30 மணி நேரம் அரசே பணம் கட்டுகிறது, வருடத்தில் பள்ளி நடக்கும் 38 வாரங்களுக்கு. பிள்ளை பார்க்கும் செலவுக்கு நாம் எட்டு பவுண்ட் போட்டால் அரசு இரண்டு பவுண்ட் சேர்க்கும் கணக்கும் ஒன்று உண்டு. தாய் தந்தை இருவருக்குமே பொது நிதி உரிமை இல்லையென்றால் இந்த இரண்டும் கிடையாது. மூன்று வயது முடிந்த அடுத்த டேர்மிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கும் 15 மணி நேரம் மட்டும்தான் எங்களுக்கு. அதுவரை முழுக் காசு.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அரசுப் பணம் வாங்க வேண்டுமானால் பதிவு செய்த இடத்தில்தான் விட வேண்டும், அதனால் மற்றவர்கள் தானாகவே பதிவு பெற்றவர்களிடம் போகிறார்கள். எங்களைப் போன்ற விசாக்காரர்களுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. பதிவால் கைக்கு ஒரு பென்ஸ் வராது. ஆகவே நம் ஆட்களுக்குள் பதிவில்லாத ‘ஆன்ட்டி வீடு’ ஓடுகிறது. நாளுக்கு 35 பவுண்ட், கையில் காசு, ரசீது கிடையாது, எத்தனை பிள்ளைகள் இருக்கின்றன என்று கேட்கவும் கூடாது. நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் முன்னறையிலேயே ஏழு பிள்ளைகளை எண்ணினேன். மாடியில் இன்னொன்று அழுதுகொண்டிருந்தது. அந்த ஆன்ட்டி கெட்டவர் இல்லை. அன்பானவர், எனக்கு வடையும் டீயும் கொடுத்தார். ஆனால் ஒருவர் எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக ஓடும் வீட்டில் என் மகளை விட முடியாது. வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதற்காகத் தினமும் மல்லுக்கட்டுகிறவள் நான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் போட்டுவிடுகிறேன், எங்கள் குழுவில் ஆளுக்கொரு கதை சுற்றுகிறது. இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதியும் வேறு, பார்க்கிற ஆபீசும் வேறு. இங்கே எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிறர் பிள்ளையைத் தன் வீட்டில், கூலி வாங்கிக்கொண்டு, நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் பதிவு செய்ய வேண்டும். நேராக ஆஃப்ஸ்டெட்டில் செய்யலாம், 2014-இலிருந்து சைல்ட்மைண்டர் ஏஜென்சி வழியாகவும் செய்யலாம். தாத்தா பாட்டி, சித்தி, அத்தை, மாமா, அண்ணன், அக்கா பார்த்தால் பதிவு தேவையில்லை. ஆனால் ரத்த உறவோ கல்யாண உறவோ உண்மையில் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி இதில் வரமாட்டார். பிள்ளையின் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆயாவுக்குக் கட்டாயம் இல்லை. நண்பர் பிள்ளையைக் காசுக்குப் பார்ப்பதானால் நாளுக்கு மூன்று மணி நேரம் வரை சரி. பதிவில்லாமல் நடத்துவது தெரியவந்தால் நிறுத்தச் சொல்லி ஆஃப்ஸ்டெட் நோட்டீஸ் கொடுக்கலாம். அதையும் மீறினால் குற்றம்.

நானும் என் வார்டு தோழியும் ஷிஃப்ட் மாற்றிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசித்தபோது ஒரு பழைய விவகாரம் கண்ணில் பட்டது. 2009-இல் இரண்டு பெண் போலீஸ்காரர்கள், பகுதி நேர வேலை, ஒருவர் டியூட்டியில் இருக்கும்போது மற்றவர் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். காசு கைமாறவே இல்லை. ஆனாலும் பதிலுக்குப் பதில் கிடைக்கும் உதவியும் கூலிதான், ஆகவே இது பதிவில்லாத சைல்ட்மைண்டிங் என்று ஆஃப்ஸ்டெட் சொன்னது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன, அரசு பின்வாங்கி நண்பர்களுக்குள் காசில்லாமல் மாறி மாறிப் பார்ப்பதற்கு விலக்கு கொடுத்தது. ஆக, தோழியோடு மாற்றிக்கொள்வது தப்பில்லை. எங்களுக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் சட்டம் இல்லை, ரோட்டா என்கிற டியூட்டி அட்டவணை. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் நீண்ட ஷிஃப்ட் போடுவதில் எங்கள் மேலதிகாரிக்குத் தனித் திறமை.

சரி, அக்கா வீட்டுக்கு வருவோம். கவுன்சில் வைத்திருக்கும் சைல்ட்மைண்டர் பட்டியலில் இருந்துதான் எடுத்தேன். அதில் பாதிப் பேர் இப்போது செய்வதில்லை என்றார்கள். ஆச்சரியமில்லை, 2012-க்குப் பிறகு இங்கிலாந்தில் சைல்ட்மைண்டர்கள் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு 600 பவுண்ட், ஏஜென்சி வழியென்றால் 1,200 பவுண்ட் என்று 2023 கடைசியில் உதவித் தொகைகூடக் கொடுத்துப் பார்த்தார்கள்.

அக்கா யாழ்ப்பாணம், ஐம்பதைத் தொடும் வயது. முதல் முறை பார்க்கப் போனபோது வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன் ஒரு நீல ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். பதிவுச் சான்றிதழின் அசல் சுவரில் தொங்குகிறது. ஃபைலில் மற்றது எல்லாம்: குழந்தைகளுக்கான 12 மணி நேர முதலுதவிச் சான்று, மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்த பழைய சான்றுகளோடு. காப்புறுதி. அவருக்கும் கணவருக்கும் டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சோதனைச் சான்று. அப்புறம் மூத்த மகனுக்கும் ஒன்று, 16 வயது ஆனதும் எடுத்தது. வீட்டில் வசிக்கும் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அந்தச் சோதனை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. “வடிவாப் பாருங்கோ தங்கச்சி, அவசரம் இல்லை” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சோற்றைப் பார்த்தார். நான் உண்மையிலேயே ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். நர்ஸ் புத்தி.

சும்மா காட்சிக்கு வைத்த ஃபைல் இல்லை என்பது போன கோடையில் தெரிந்தது. கனடாவிலிருந்து அவர் கொழுந்தனார் ஓரிரு மாதம் தங்குகிற மாதிரி வந்தார். வீட்டில் புதிதாக ஆள் குடியிருக்க வந்தால் ஆஃப்ஸ்டெட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், சோதனையும் முடிய வேண்டும். அக்கா கொழுந்தனாரை வெம்பிளியில் இன்னொரு உறவுக்காரர் வீட்டில் தங்கவைத்துவிட்டார். மாலையில் பிள்ளைகள் போன பிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாராம். குடும்பத்தில் சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். சொந்தக் கொழுந்தனாரை வாசலில் நிறுத்துவது நம் வீடுகளில் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணிக்கையில் அக்கா கல். ஒரு சைல்ட்மைண்டர் தனியாக எட்டு வயதுக்குக் கீழ் அதிகபட்சம் ஆறு பேரைப் பார்க்கலாம். அதில் ஐந்து வயதுக்குட்பட்ட சின்னவர்கள் மூன்று பேர்தான், அந்த மூவரிலும் ஒரு வயது ஆகாதது ஒன்றே ஒன்று. அவருடைய சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வருவார்கள். உடன்பிறந்த கைக்குழந்தைகளுக்கும் அவருடைய சொந்தக் கைக்குழந்தைக்கும் கொஞ்சம் விலக்கு உண்டு, பள்ளிக்குப் போய்விட்டு முன்னும் பின்னும் வரும் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் உண்டு. அவ்வளவுதான். என் தோழி ஒருத்திக்கு மகப்பேறு விடுப்பு முடிய, எட்டு மாதக் குழந்தையை அக்காவிடம் விட வேண்டும் என்று என்னைத் தூது அனுப்பினாள். வாரத்துக்கு இரண்டே நாள், கூடுதல் காசு தருகிறாள் என்றும் சொன்னேன். “இல்லைத் தங்கச்சி, ஒரு கைக்குழந்தை ஏற்கெனவே கிடக்கு. ரெண்டாவது ஏலாது. பேப்பரில கிடக்கிறதை நான் மாத்தேலாது.” பேச்சு அத்தோடு முடிந்தது, தோசை வார்க்கப் போய்விட்டார். தோழிக்கு என் மேல்தான் கோபம். ஆனால் எனக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. இன்னொருத்திக்காக வளையாதவர் என் மகளின் பங்கையும் யாருக்கும் வெட்டிக் கொடுக்கமாட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை சீக்கிரம் போய்விட்டேன். மூன்று சின்னவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் கைக்குழந்தை ஹை சேரில் வார் கட்டியபடி. கிண்ணத்தில் சோறும் பருப்பும், மசித்த பூசணி, ஓரத்தில் திராட்சை. ஒவ்வொரு திராட்சையும் நெடுக்குவாட்டில் நான்காக வெட்டியிருந்தது. வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும் வடிவம் அப்படியே இருக்கும், நெடுக்கே வெட்டினால்தான் ஆபத்து குறையும். இதை அவசரப் பிரிவில் வேலை பார்த்தவள் நான் சொல்ல வேண்டும், அக்கா முந்திக்கொண்டு செய்துவைத்திருக்கிறார். பிள்ளைகள் சாப்பிடும்போது அவர் எதிரே முகம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், ஃபோன் அடுத்த அறையில். என் மாமியார் ஊரிலிருந்து அனுப்பிய முறுக்கை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன், மாலையில் டப்பா அப்படியே திரும்பி வந்தது. மேலே ஒரு சின்னச் சீட்டு: “இது பிள்ளைக்கு வேண்டாம். எனக்கெண்டால் அனுப்புங்கோ.” அடுத்த முறை அவருக்கென்றே அனுப்பினேன்.

எழுத்து வேலை அதிகம், அதற்குத் தயாராக இருங்கள். வந்த நேரம், போன நேரம், யார் கூட்டிப்போனது, எல்லாம் பதிவேட்டில் ஏறும். ஒரு திங்கட்கிழமை மகள் நெற்றியில் வீக்கத்தோடு போனாள், ஞாயிறு பார்க்கில் சறுக்குமரத்திலிருந்து விழுந்தது. நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கையில் படிவம் கொடுத்துவிட்டார்: எங்கே விழுந்தது, எப்போது, என்ன செய்தீர்கள், கையெழுத்து. என் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது, நம்மைச் சந்தேகப்படுகிறாரா என்று. சந்தேகம் எல்லாம் இல்லை. அங்கே பிள்ளைக்கு நகக்கீறல் பட்டாலும் இதே மாதிரி ஒரு தாளில் எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்குகிறார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டம்.

கால்பால் என்கிற பிள்ளைகளுக்கான காய்ச்சல் மருந்து விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் லேசான கடுப்பு. ஷிஃப்ட் நடுவே அக்கா அழைத்தார், பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று. கால்பால் கொடுங்கள் என்றேன். முடியாது என்றார். மருந்து கொடுக்க அந்த மருந்தின் பெயரைப் போட்டுப் பெற்றோர் எழுத்தில் அனுமதி தர வேண்டும், நாங்கள் தந்ததில் எக்ஸிமா களிம்பு மட்டும்தான் இருந்தது. நான் நர்ஸ், அளவு சொல்கிறேன் என்று மன்றாடியும் பயனில்லை. கணவர் வேலையை விட்டு ஓடிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையையும் தூக்கி வந்தார். விதிப்படி அக்கா செய்தது சரி, வார்டில் நானும் அதையேதான் செய்வேன். ஆனால் சேரும் நாளிலேயே “காய்ச்சல் மருந்துக்கும் அனுமதி எழுதித் தாருங்கள்” என்று அவர் நினைவூட்டியிருக்கலாம். புதிதாகச் சேர்ப்பவர்கள் முதல் நாளே அதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு இன்ஸ்பெக்டர் அனுப்பும் ஆபீஸ் அக்கா வீட்டு அடுப்பங்கரைக்கு ஏன் வருகிறது என்று கணவர் கேட்டார். சைல்ட்மைண்டர் பதிவு என்பது 1948-இலேயே சட்டமாக வந்தது. வெகுகாலம் உள்ளூர்க் கவுன்சில்கள்தான் பார்த்தன. 2001-இல் அது ஆஃப்ஸ்டெட் கைக்குப் போனது. பிறகு விளையாட்டு, பேச்சு, எண் எல்லாவற்றுக்கும் சின்னவர்களுக்கான ஒரு பாடத்திட்டமும் வந்துவிட்டது. 2024 ஜனவரியிலிருந்து சைல்ட்மைண்டர்களுக்கென்றே அதில் தனிப் பதிப்பு. இரண்டு வயதில் பிள்ளையின் வளர்ச்சியைப் பற்றி ஒரு சுருக்கம் எழுதித் தர வேண்டும் என்பது அதில் ஒன்று. மகளுக்கு அக்கா எழுதித் தந்த தாளில், தமிழில் மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறாள், ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல், படிக்கட்டில் கையைப் பிடிக்காமல் இறங்கப் பார்க்கிறாள் என்று இருந்தது. மூன்றும் உண்மை.

ஆஃப்ஸ்டெட் அறிக்கையைப் பற்றிச் சொல்வதானால், அக்காவுக்குப் பழைய முறையில் ‘நன்று’ தரம். சில பக்கங்கள்தான். படித்தால் எல்லா சைல்ட்மைண்டர் அறிக்கையும் ஒன்றுபோலவே இருக்கும்: பிள்ளைகள் மகிழ்ச்சியாக வருகிறார்கள், கை கழுவக் கற்கிறார்கள், பெற்றோருடன் நல்ல தொடர்பு. திராட்சை பற்றியோ கொழுந்தனார் பற்றியோ அதில் இருக்காது. ஆய்வுக்கும் ஆய்வுக்கும் நடுவே பல வருடங்கள் ஓடிவிடும், ஆகவே தேதியைப் பாருங்கள். 2025 நவம்பரிலிருந்து ஒற்றைச் சொல் தரம் போய், ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித்தனியாக மதிப்பிடும் அட்டை வந்திருக்கிறது. அறிக்கை, மோசமானவர்களை ஒதுக்கத்தான் உதவும். நல்லவரைப் பொறுக்கி எடுக்க நேரில் போய், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அக்கா அதற்கு விட்டார். சிலர் விடுவதில்லை.

ஊரிலிருந்து மாமியார் வீடியோ காலில் “சாப்பிடலைன்னா அந்தம்மாவை ரெண்டு தட்டு தட்டச் சொல்லு” என்றார். 2003-இலிருந்து இங்கிலாந்தில் பெற்றோரே சம்மதித்தாலும் சைல்ட்மைண்டர் பிள்ளையை அடிக்கக் கூடாது என்றேன். “அப்ப எப்படித்தான் சோறு ஊட்டுவாங்க?” என்றார். அக்கா ஊட்டுவதே இல்லை அத்தை, அவளே அள்ளிச் சாப்பிடுகிறாள் என்று சொன்னதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

இனி குறைகள். அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் உங்களுக்கு அன்று லீவு. மாற்று ஆள் கிடையாது. உதவியாளர் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது, அவர் வைத்துக்கொள்ளவில்லை. வருடத்துக்கு நான்கு வாரம் அவருடைய விடுமுறை, அதற்குப் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும். பேங்க் ஹாலிடேவுக்கு முழுக் கட்டணம். இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது, பேரம் பேசியும் இறங்கவில்லை. ஆறரைக்கு மேல் தாமதமானால் கால் மணி நேரத்துக்கு ஐந்து பவுண்ட். என் நீண்ட ஷிஃப்ட் எட்டு மணிக்கு முடிவதால் கணவர்தான் எப்போதும் கூப்பிடப் போகிறார், மெட்ரோபாலிட்டன் லைன் ரயில் மனது வைத்தால் நேரத்துக்கு. சனி, ஞாயிறு, இரவு கிடையாது, ஷிஃப்ட் குடும்பங்கள் இரண்டு பேர் என்றால் கஷ்டம். தோட்டம் சின்னது. அதை ஈடுகட்டத் தினமும் பார்க்குக்கோ நூலகத்துக்கோ அழைத்துப் போகிறார். சைவச் சாப்பாடு மட்டும். முட்டை வேண்டுமென்றால் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். ஆங்கிலம் வேகமாக வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நர்சரி மேல். இங்கே பிள்ளைகள் பாதி நேரம் தமிழில்தான் பேசுகின்றன, இப்போது என் மகள் வீட்டில் “எனக்கு ஏலாது” என்கிறாள். திருச்சித் தாத்தா சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

கட்டணம் வங்கி வழியாக மட்டும், மாதா மாதம் இன்வாய்ஸ் வரும். சேரும்போது ஒரு மாத முன்பணம், விலக நான்கு வார நோட்டீஸ். 30 மணி நேரச் சலுகைக் குறியீடு உள்ளவர்களை எடுத்துக்கொள்கிறார். ஆனால் அந்தக் குறியீட்டை டேர்ம் தொடங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும், செப்டம்பரில் தொடங்க வேண்டுமானால் ஆகஸ்ட் 31-க்குள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்களே ஆன்லைனில் புதுப்பிக்க வேண்டும்.

வரும் செப்டம்பரில் ஒரு பையன் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனுக்குப் போவதால் சின்னவர்களுக்கு ஒரு இடம் காலியாகும். பள்ளி விட்டபின் வரும் பெரிய பிள்ளைகளுக்கு இப்போதே இடம் இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கேட்க வேண்டாம், அந்த ஒரே இடம் போய்விட்டது.